நான் வாசிக்காத மண்டலின்

மார்ச் 14, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வெளியே மூன்று பாகை, மெல்லிய தூறல். 5.15க்குத் தேநீர். 5.30க்குச் சவரம். 5.50க்கு இரண்டு துண்டு பாண், வெண்ணெய், ஒரு வாழைப்பழம். 6.05க்குச் சமையலறை ஜன்னலில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தேன். 6.20க்குக் காரை எடுத்தேன்.

என் நாட்குறிப்பில் மூன்று நிரல்கள் உண்டு: நேரம், செய்தது, காரணம். மூன்றாவது நிரல் என் மனைவி ரஞ்சிக்குப் பிடிக்காது. "தேத்தண்ணி குடிக்கிறதுக்கும் காரணம் எழுதுற ஆள் உலகத்திலயே நீங்கள் ஒராள்தான்" என்பாள். எழுதத்தான் செய்கிறேன். தேநீருக்கு நேரே "விடாய்" என்று இருக்கும்.

அன்று பிற்பகல் 2.00 மணிக்கு நேரே இப்படி இருக்கிறது: "வேலையிடத்துச் சாப்பாட்டு மண்டபத்தில், நாற்பது பேருக்கு முன்னால், மண்டோலா வாசிக்க நின்றேன்." காரணம்: "பொய்."

நிரல் ஒடுக்கமானது. அதற்கு மேல் எழுத இடமில்லை. இந்த வாரம் இந்தப் பத்தியில் இடமிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

மூன்று பொழுதுபோக்குகள்

இக்காஸ்ட் என்ற இந்த டேனிஷ் ஊருக்கு வந்த புதிதில் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கவில்லை. ஆகவே வருடத்தைத் திருத்தமாகச் சொல்லமுடியாது. இருபத்தைந்து வருடம் இருக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதற்குக் கொம்மூன் என்கிற உள்ளூராட்சி அலுவலகத்தில் ஒரு பெண்மணி உதவி செய்தார். பெயர், பிறந்த திகதி, படிப்பு எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசியில், "பொழுதுபோக்குகள்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

இந்த நாட்டில் அப்படிச் சொல்லக்கூடாது என்று அவர் அன்பாக விளக்கினார். பொழுதுபோக்கு இல்லாத ஆளைப் பார்த்தால் முதலாளிமார் பயப்படுவார்களாம். குறைந்தது மூன்று இருக்கவேண்டும். நடப்பது என்று ஒன்றை அவரே எழுதினார். நான் நடந்துதான் அங்கே வந்திருந்தேன், அதனால் அது உண்மை. வாசிப்பு என்று இரண்டாவதை எழுதினார். பேருந்து நேர அட்டவணையை நான் முழுக்க வாசித்து முடித்திருந்தேன், அதுவும் உண்மை. மூன்றாவதற்காகப் பேனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

அகதி முகாமில் என் அறையில் இருந்த ஒருவர் குடல்வால் சத்திர சிகிச்சைக்குப் போனபோது தன் மண்டலினை என்னிடம் விட்டுப் போயிருந்தார். பதினொரு நாள் அது என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பதினொரு நாளும் அதைத் துணியால் துடைத்தேன். தந்தியில் கை படாமல் துடைப்பதற்கு ஒரு முறைகூடக் கண்டுபிடித்திருந்தேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"மண்டலின்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. "மண்டலின் வாசிப்பார்" என்று எழுதினார். நான் வாத்தியத்தின் பெயரை மட்டும்தான் சொன்னேன். வாசிக்க வைத்தது அவர். ஆனால் கீழே கையெழுத்துப் போட்டது நான்.

அறுந்த தந்தி

அந்த விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர் பிரேபன். அப்போது எங்கள் தொழிற்சாலையில் துணி பின்னினார்கள். வட்டமான பின்னல் இயந்திரம் ஒவ்வொன்றிலும் ஆயிரத்தெண்ணூறு ஊசி. பிரேபன் அந்தப் பகுதியின் மேற்பார்வையாளர். நேர்முகத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மண்டலினா?" என்று கேட்டார். ஓம் என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அந்த வருடம் டிசம்பரில், நத்தார் விருந்தில், "மண்டலின் எங்கே?" என்று கேட்டார்.

"தந்தி அறுந்துவிட்டது."

அடுத்த வருடமும் கேட்டார். அடுத்த வருடமும் தந்தி அறுந்துதான் இருந்தது. மூன்றாம் வருடம் என் இடக்கை நடுவிரல் நுனியை இயந்திரம் கடித்துத் தட்டையாக்கியது. எனக்கு வலியோடு ஒரு நிம்மதியும் வந்ததை மறைக்கப்போவதில்லை. இனிக் கேட்கமாட்டார் என்று நினைத்தேன். அந்த நத்தாருக்கும் கேட்டார்.

பிறகு பின்னல் வேலை வேறு நாடுகளுக்குப் போய்விட்டது. இயந்திரங்கள் போயின, அவற்றோடு நின்றவர்களில் பாதிப்பேரும் போனார்கள். இப்போது எங்களிடம் தைத்த உடுப்புகள் பெட்டியில் வருகின்றன. நான் அளக்கிறேன். கை நீளம், தோள் அகலம், கழுத்துச் சுற்று. நான் "சரி" என்று கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கடைக்குப் போகும். பிரேபன் பகுதித் தலைவராகி, தலை நரைத்து, ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டார்.

சனவரிக் கடைசியில் என் மேசைக்கு வந்தார்.

"நவா, மார்ச்சில் நான் போகிறேன். விழாவில் பாட்டுப் பாடுவார்கள். நீ மண்டலின் வாசிக்கவேண்டும்."

"தந்தி..."

"ஆறு வாரம் இருக்கிறது. தந்தி வாங்க ஆறு வாரம் காணும்." என் தோளில் தட்டினார். "உன்னை வேலைக்கு எடுத்ததே அந்த மண்டலினுக்காகத்தான், தெரியும்தானே?"

தெரியாது. அன்று நான்கு பெட்டிகளை இரண்டாந்தரம் அளக்கவேண்டி வந்தது.

ரஞ்சியின் தீர்ப்பு

ரஞ்சி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பகல் முழுக்க மற்றவர்களோடு பொறுமையாக இருப்பவள். வீட்டுக்கு வரும்போது அது முடிந்திருக்கும்.

"நீங்கள் மண்டலின் வாசிப்பீங்களே?"

"இல்லை."

"பின்ன ஏன் உங்களைக் கேக்கிறான்?"

"விண்ணப்பத்தில இருக்கு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என்ர மனிசன் ஒரு பொய் சொல்லமாட்டார் எண்டு இந்த இக்காஸ்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறன்."

"உமக்குச் சொல்லேல்லையே. கொம்மூனுக்குத்தான் சொன்னனான்."

"கோதாரி. நாளைக்குக் காலமை போய் உண்மையைச் சொல்லுங்கோ. அரை நிமிச வேலை."

அரை நிமிச வேலைதான். ஆனால் நான் அளக்கிறவன். வேலையிடத்தில் என் கையெழுத்தை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நவா சரி என்றால் சரி. முதலாவது கையெழுத்தே பொய்க்குக் கீழே போட்டது என்று தெரிந்தால் மற்றவை என்ன ஆகும்? விண்ணப்பத்தை இனி மாற்றமுடியாது. ஆளை மாற்றலாம். ஆறு வாரத்தில் அந்த வரியை உண்மையாக்குவது என்று முடிவெடுத்தேன். காரணம் நிரலில் "திருத்தம்" என்று எழுதினேன்.

வாழைப்பழ விரல்கள்

இங்கே இக்காஸ்ட்டில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிற சூசை அண்ணையிடம் மண்டலின் இரவல் கேட்டுப் போனேன். என் கையில் தந்துவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டலினில் நான்கு சோடித் தந்திகள். கழுத்து ஒடுக்கம். குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளுக்கு இடையிலும் இடைவெளி கொஞ்சம்தான். என் தட்டையான நடுவிரல் ஒரு சோடியை அழுத்தினால் அடுத்த சோடியும் சேர்ந்து அமுங்கியது.

"தம்பி, உமக்கு உது சரிவராது" என்றார். "உம்மட விரல் ஒவ்வொண்டும் கதலி வாழைப்பழம். நீர் மண்டோலா எடும்."

"அது வேறயே?"

"மண்டலின்ர தமையன். அதே எட்டுத் தந்தி, அதே பிடி. ஆள் பெரிசு, குரல் தாழ்வு, இடைவெளி கூட. உம்மட விரலுக்கு இடம் கிடைக்கும்." பிறகு, நான் இன்றைக்கும் மறக்காத அந்த அறிவுரையையும் சொன்னார்: "சுருதியை உம்மட வசதிக்கு வைச்சுக்கொள்ளும். தந்தியை முறுக்கி அறுத்துப்போடாதையும்."

"தந்தி அறுந்தது" என்று இருபத்தைந்து வருடம் சொன்னவனுக்கு அதைவிட நல்ல அறிவுரை கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் சொன்னபோது ரஞ்சி சிரித்தாள். "கடுதாசியில தம்பியாற்ற பேரை எழுதிப்போட்டு, இப்ப தமையனைக் கூட்டிக்கொண்டு போகப்போறீங்களோ?"

ஸ்கீவவில் ஒரு தபால்காரர்

மண்டோலா வாங்குவதற்கு அட்டவணை ஒன்று தயாரித்தேன். பதினான்கு நிரல். முதலாவது வாத்தியம் ஹெர்னிங் இசைக்கடையில் கண்ணாடிக்குள் இருந்தது. விலை அட்டையைப் பார்த்த பிறகு மற்ற நிரல்களை நிரப்பவில்லை. இரண்டாவது இணையத்தில், ஆக மலிவு. படத்தைப் பெரிதாக்கிக் கணினித் திரையில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் வளைந்திருந்தது. விற்பவர் அதைப் "பழமையின் அழகு" என்று எழுதியிருந்தார்.

மூன்றாவது ஸ்கீவ என்ற ஊரில். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வீட்டில் தந்தி வாத்தியங்கள் ஏழு இருப்பதாகவும் ஆறாகக் குறைக்கும்படி மனைவி சொல்லியிருப்பதாகவும் விளம்பரத்திலேயே எழுதியிருந்தார். வாங்கக்கூடிய விலை. சனிக்கிழமை காலை ரஞ்சியோடு காரில் போனேன்.

வேலையிடத்திலிருந்து அனுமதியோடு எடுத்துவந்த வேர்னியர் அளவி, இரும்பு அளவுகோல், சிறிய ரோச் லைற், குறிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் அவருடைய மேசையில் வரிசையாக வைத்தேன். தபால்காரர் கோப்பியை ஊற்றினார்.

கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், நேராக இருந்தது. பன்னிரண்டாவது குறுக்குக் கம்பிக்கு மேல் தந்தியின் உயரம் இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. இதுவே மூன்றானால் விரல் வலிக்கும் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். எட்டு முறுக்காணிகளும் சிக்காமல் சுற்றின. மேற்பலகை ஒரே மரம், ஒட்டுப்பலகை இல்லை. முதுகில் ஒரு கீறல் இருந்தது. ரோச் அடித்துப் பார்த்தேன், மினுக்கில் மட்டும்தான். உள்ளே பழைய மரமும் ஒரு சொட்டு மெழுகுமாக மணத்தது.

இருபது நிமிடம் ஆனது. தபால்காரர் இரண்டாவது கோப்பியை முடித்துவிட்டுக் கேட்டார்: "இதைக் கேட்டும் பார்க்கிறீர்களா, அளந்தால் காணுமா?"

வாத்தியத்தை என்னிடம் நீட்டினார். ரஞ்சி ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"நீங்கள் வாசியுங்கள்" என்றேன். "நான் அடுத்த அறையில் நின்று கேட்கிறேன். வாசிக்கிறவனுக்குத் தன் விரல்தான் கேட்கும். வாத்தியம் கேட்கவேண்டுமென்றால் எட்டி நிற்கவேண்டும்."

இந்த வசனம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றும் தெரியாது. தபால்காரர் வாத்தியத்தை மடியில் வைத்தார். "இவ்வளவு காலத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கள். எத்தனை வருடமாக வாசிக்கிறீர்கள்?"

"இருபத்தைந்து வருடம்" என்றாள் ரஞ்சி, சுத்தமான டேனிஷில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "விண்ணப்பத்தில் இருக்கிறது."

அடுத்த அறையில் குதிரைப் படம் ஒன்றுக்கு முன்னால் நின்று கேட்டேன். எனக்கு இசை தெரியாது. ஆனால் கீழ்ச் சோடியை அவர் மீட்டியபோது அந்தப் படத்தின் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. அதைப் பதினான்கு நிரலில் எதிலும் எழுத முடியவில்லை. வாங்கிவிட்டேன்.

முப்பத்தொரு பதிவுகள்

இந்த நாட்டின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பிறந்தநாள், பிரியாவிடை எதுவானாலும், எல்லாருக்கும் தெரிந்த மெட்டொன்றை எடுத்து, விழா நாயகரைப் பற்றிப் புதுச் சொற்கள் எழுதி, தாளில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்துவிடுவார்கள். பிறகு எல்லாரும் பாடவேண்டும். குரல் இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் சொற்களை எழுதுபவர் இங்கர். மின் பியானோ வாசிப்பவரும் அவர்தான்.

"எந்த மெட்டு?" என்று இங்கரைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சிறுவர்கள் படிக்கும் கோடைகாலப் பாட்டு ஒன்றின் பெயரைச் சொன்னார். "நாங்கள் ஒருதரம் சேர்ந்து பார்க்கவேண்டுமா?" என்று கேட்டேன். "எதற்கு? அது எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியாது. ஓகூஸ் நகரில் படிக்கும் மகள் அபிராவிடம் கேட்டேன். சைக்கிள் ஓடிக்கொண்டே பாடி, மணி அடித்த சத்தத்தோடு அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு கேள்வியும் டேனிஷில்: "அப்பா, எத்தனை சரணம்?"

"மெட்டு ஒன்றுதானே" என்று பதில் எழுதினேன்.

மேற்கத்திய இசைக்குறிப்பு எனக்கு வாசிக்க வராது. அபிரா சின்ன வயதில் சங்கீதம் படித்தபோது வாங்கிய சுருதிப் பெட்டி அலுமாரியில் இருந்தது. அவள் பாடியதை நானே முணுமுணுத்துப் பார்த்து, என் தொண்டைக்கு நோகாத இடத்தில் பெட்டியைத் திருகி நிறுத்தினேன். மண்டோலாவின் நான்கு சோடிகளையும் அதற்கேற்ப ச, ப, ச, ப என்று சேர்த்தேன். தந்திகள் இறுகாமல் சாவகாசமாக இருந்தன. சூசை அண்ணை சொன்னது சொன்னபடி. எட்டுத் தந்தியும் ஒன்றோடொன்று அவ்வளவு சுத்தமாகச் சேர்ந்தன.

உடுப்புத் தோய்க்கும் அறைதான் பயிற்சிக்கு. மாலை 4.30 முதல் 5.10 வரை. கீழ்ச் சோடியை மீட்டினால் இயந்திரத்தின் தகரமும் கூட அதிர்ந்தது. முதல் வாரம் விரல் நுனிகளில் இரண்டிரண்டு கோடு பதிந்து, இரண்டாம் வாரம் கொப்புளமாகி, மூன்றாம் வாரம் காய்த்துப்போனது. இடக்கையில் எப்போதும் வெண்கல மணம்.

நான்காவது வரியில் மேலே ஏறும் ஓர் இடம் உண்டு. அங்கே மட்டும் என் நடுவிரல் ஒரு கம்பி தள்ளி விழுந்தது. ஒவ்வொரு முறையும், அதே இடத்தில். ஒரே மாதிரியான பிழையைத் தொழிற்சாலையில் நாங்கள் பிழை என்று சொல்வதில்லை, அளவு வித்தியாசம் என்போம்.

முப்பத்தொரு பயிற்சிக்கும் பதிவு இருக்கிறது. திகதி, நிமிடம், விரலின் நிலை, தூசி, ஈரப்பதம்கூட. சுருதிப் பெட்டியை எங்கே திருகி நிறுத்தினேன் என்பது மட்டும் இல்லை. சுருதி அவரவர் வசதி. காலணி அளவைப் போல. என்னுடைய அளவை நான் ஏன் எழுதிவைக்கவேண்டும்?

இரண்டு மணி

இப்போது மார்ச் 14க்குத் திரும்புகிறேன்.

சாப்பாட்டு மண்டபத்தில் மேசைக்கு மேசை சின்னக் கொடிகள், மீன் வைத்த பாண் துண்டுகள், கோப்பி. வேலை முடித்து ரஞ்சியும் வந்து பின்வரிசையில் இருந்தாள். பிரேபன் முன்வரிசையில், நீலச் சட்டையில். இங்கர் பாட்டுத் தாளைக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கையில் வந்தது மடித்த தாள். விரித்தேன். நான்கு பக்கம்.

பதினொரு சரணம்.

முகாமில் அந்த மண்டலினைத் துடைத்த நாட்களின் கணக்குச் சரியாகத் திரும்பி வந்திருந்தது. தோய்க்கும் அறையில் ஒரே மூச்சில் மூன்று தடவைக்கு மேல் நான் வாசித்ததில்லை.

"ஒரு வரி சேர்ந்து பார்ப்போமா?" என்றார் இங்கர், பியானோவில் இருந்தபடி.

அவர் ஆரம்பித்தார். நானும் ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கதவொன்றை யாரோ சீமெந்துத் தரையில் இழுத்துப்போன மாதிரி இருந்தது எங்கள் இருவரின் சத்தம்.

"நீ எங்கே இருக்கிறாய்?" என்று இங்கர் மெல்லக் கேட்டார்.

"இங்கேதான்."

"இல்லை, எந்தச் சுருதியில்?"

"என்னுடைய சுருதியில்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவருடைய பியானோவில் சுருதியைக் கீழே இறக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. ஒருதரம் அமத்தினார். மறுபடியும் அமத்தினார். ஐந்து தரம் அமத்திவிட்டு ஒரு கட்டையைத் தொட்டார். கிட்ட வந்திருந்தது. ஆனாலும் ஒரு மயிரிழை இடைவெளி நின்று முனகியது. இன்னொருதரம் அமத்தினார், இப்போது மறுபக்கம் போய்விட்டது. என் வசதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில், அந்தப் பியானோவில் இல்லாத இடத்தில் இருந்தது.

இங்கர் பியானோவின் மின்சாரத்தை நிறுத்தினார். "நவா, நீ தனியே வாசி" என்றார்.

ரஞ்சியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் என்னைப் பகிடி பண்ணாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வாசித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வேகம் மெதுவான வேகம். முதல் வரியில் பெண்கள் வழக்கம்போல உயரத்தில் தொடங்கி, கீழே இறங்கி, இன்னும் இறங்கி, கடைசியில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு பின்பக்கத்தில் இருந்து இன்னொரு சத்தம் எழும்பியது. களஞ்சியத்தில் பாரம் தூக்குகிற ஆட்கள். இத்தனை வருடமாக இங்கரின் பியானோவுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள். என் சுருதி அவர்கள் தொண்டை இருக்கிற இடத்தில் இருந்தது. தொடங்கினார்கள். நிறுத்தத் தெரியவில்லை.

நான்காவது வரியில் என் நடுவிரல் தன் வழக்கப்படி ஒரு கம்பி தள்ளி விழுந்தது. சிலர் திடுக்கிட்டார்கள். இரண்டாம் சரணத்திலும் விழுந்தது. ஐந்தாம் சரணத்தில் அந்த இடம் வருமுன் சிலர் என்னைப் பார்க்கத் தொடங்கினார்கள். எட்டாம் சரணத்தில் நாற்பது பேரும் என் பிழையையே பாடினார்கள், ஒருவர்கூட விலகாமல். அந்த நேரத்தில் சரியாகப் பாடியிருந்தால் அவர்தான் பிழையாகத் தெரிந்திருப்பார்.

ஒன்பதாவதில் விரல்களின் உணர்வு போய்விட்டது. பத்தாவதில் சுட்டுவிரலில் காய்த்த தோல் கிழிந்தது. பதினோராவது எப்படி முடிந்ததென்று என்னிடம் பதிவில்லை. கை தட்டினார்கள். பிரேபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பாட்டை யாரும் இப்படிச் சிதைத்ததில்லை" என்றார் இங்கர், கையில் எடுத்த பாண் துண்டோடு. கொஞ்சம் பொறுத்து, "லார்ஸ் பாடுவான் என்றே எனக்குத் தெரியாது" என்றார். லார்ஸ் களஞ்சியத்து ஆள். இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.

கார் நிறுத்துமிடம்

பரிசுப் பொருட்களைப் பிரேபனின் காருக்குக் கொண்டுபோக உதவினேன். பூச்சாடி ஒன்று, மீன் தூண்டில் ஒன்று, கொடிகள் குத்திய கேக்கில் மிச்சம். தூறல் விட்டிருந்தது. அவர் கார்க் கதவைச் சாத்துமுன் சொல்லிவிட்டேன்.

"பிரேபன், விண்ணப்பத்தில் இருந்த அந்த வரி பொய். எனக்கு மண்டலின் வாசிக்கத் தெரியாது. பதினொரு நாள் ஒரு மண்டலினைத் துடைத்தேன், அவ்வளவுதான். இது மண்டலினும் இல்லை, மண்டோலா. இதை வாங்கியும் ஆறு வாரம் ஆகவில்லை."

பிரேபன் பூச்சாடி சாயாமல் ஒரு துவாயை அண்டைகொடுத்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"ஆயிரத்தெண்ணூறு ஊசியில் ஒன்று வளைந்தால் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாதவன் நீ. அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு தந்தி இருபத்தைந்து வருடம் அறுந்து கிடக்குமா?"

இதைவிடத் திருத்தமாக என்னை யாரும் அளந்ததில்லை.

"ஆனால் என்னை எடுத்தது அந்த மண்டலினுக்காக என்று..."

"அது கதைக்கு. நேர்முகத்தில் என் மேசையில் ஒரு ஊசித் தட்டு இருந்தது. நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நீ அதைச் சத்தமில்லாமல் வரிசைப்படுத்தி வைத்தாய். அதற்காக எடுத்தேன்."

"அப்படியென்றால் ஏன் வருடா வருடம் கேட்டீர்கள்? ஏன் இன்றைக்கு வாசிக்கச் சொன்னீர்கள்?"

பிரேபன் ஆசனத்தில் ஏறி இருந்து இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டார். "நான் போனபிறகு உன்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள், நவா" என்றார். கதவைச் சாத்தினார். போகும்போது ஒருதரம் ஹோர்ன் அடித்தார். அது என்ன சுருதி என்று முதல் தடவையாக யோசித்தேன்.

ரஞ்சியோடு வீட்டுக்குக் காரை எடுத்தேன். ரயில் கடவையில் நின்றபோது, "விரலைக் காட்டுங்கோ" என்றாள். காட்டினேன். கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்துச் சுற்றினாள், முதியோர் இல்லத்தில் சுற்றுகிற மாதிரி, அவ்வளவு சுத்தமாக.

"சரி, முடிஞ்சுது" என்றாள். "இனி அந்தச் சாமானை வித்துப்போடலாம். தபால்காரர் ஆறைத் திரும்ப ஏழாக்குவார்."

"ஓம்" என்றேன். அன்றைய கடைசிப் பதிவு: "8.40, மண்டோலாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். காரணம்: விற்பனை."

மார்ச் 15, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்குமுன் தோய்க்கும் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டர் சுற்றிய விரலோடு இருபத்தைந்து நிமிடம் வாசித்தேன். நேரத்தை எழுதினேன், செய்ததை எழுதினேன். மூன்றாவது நிரலில் எழுத எதுவும் வரவில்லை. வெறுமையாக விட்டுவிட்டுத் தண்ணீர் வைத்தேன்.